புனித இஞ்ஞாசியாரின் ஏழு கடிதங்கள்: முதன்முறை வாசிப்பவர்களுக்கு

திருச்சபைத் தந்தையரை, அதாவது தொடக்க நூற்றாண்டுகளின் கிறிஸ்தவ ஆசிரியர்களை, வாசிக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது அந்தியோக்கியாவின் ஆயர் இஞ்ஞாசியாரைத்தான். நமக்கு அவரிடமிருந்து கிடைத்திருப்பவை ஏழே கடிதங்கள், எல்லாமே சிறியவை. காட்டு விலங்குகளுக்கு இரையாக்கப்படும் மரண தண்டனைக்காக உரோமைக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு கைதி, வழியில் தங்கிய ஊர்களிலிருந்து எழுதியவை அவை. கோட்பாட்டு நூலாக நினைத்துத் திறந்தால் களைப்பாக இருக்கும். பயணக் கடிதங்களாக வாசித்தால் கீழே வைக்க மனம் வராது.

படி 1: எந்த இஞ்ஞாசியார்?

நம் ஊரில் இந்தப் பெயரைச் சொன்னதும் லொயோலா இஞ்ஞாசியார்தான் நினைவுக்கு வருவார். இயேசு சபையைத் தொடங்கிய அவர் 16-ஆம் நூற்றாண்டுக்காரர், அவர் திருநாள் ஜூலை 31. நாம் வாசிக்கப்போகிறவர் அவருக்கு 1400 ஆண்டுகள் முந்தியவர், திருநாள் அக்டோபர் 17. தேடும்போது 'அந்தியோக்கியா' என்ற ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

படி 2: சரியான பிரதியைத் தேர்ந்தெடுங்கள்

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். 4-ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் இந்த ஏழு கடிதங்களிலும் நிறைய இடைச்செருகல் செய்து நீட்டினார். போதாததற்கு, தார்சு நகரத்தாருக்கு, பிலிப்பியருக்கு என்று புதுக் கடிதங்களும் இஞ்ஞாசியார் பெயரில் சேர்ந்துகொண்டன. பல நூற்றாண்டுகள் இந்தக் கலப்படப் பிரதிதான் பரவலாக வாசிக்கப்பட்டது. 1644-இல் ஜேம்ஸ் அஷர் என்ற அறிஞர் இலத்தீன் பிரதிகளை வைத்து அசலைப் பிரித்துக் காட்டினார். 1646-இல் ஐசக் வோஸ் என்ற இன்னொரு அறிஞர் ஃபுளோரன்ஸ் நகரக் கையெழுத்துப் பிரதியிலிருந்து கிரேக்க மூலத்தை அச்சிட்டார். அதில் இல்லாத உரோமையருக்கான கடிதத்தின் கிரேக்க மூலம் 1689-இல் பாரிஸில் வெளிவந்தது.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் இரண்டு வடிவங்களும் அடுத்தடுத்து இருக்கும். குறுகியதை மட்டும் வாசியுங்கள். நான் முதலில் நீண்ட வடிவத்தில் மாட்டிக்கொண்டு, இவர் ஏன் இப்படி வளவளவென்று எழுதுகிறார் என்று ஒரு வாரம் குழம்பினேன். நீட்டியது அவர் இல்லை என்று தெரிந்தபோது, அந்த மனிதருக்கு அநியாயம் செய்துவிட்டதாகவே தோன்றியது.

படி 3: ஒரு தாளில் வழியை வரையுங்கள்

வலது ஓரத்தில் அந்தியோக்கியா (இன்றைய துருக்கியின் அந்தாக்யா), இடது ஓரத்தில் உரோமை. நடுவில் வரிசையாகப் பிலதெல்பியா, சிமிர்னா (இன்றைய இஸ்மிர்), துரோவா, நெயாப்பொலி (இன்றைய கிரேக்கத்தின் கவாலா). காலம் 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். டிராஜன் பேரரசராக இருந்தபோது நடந்தது என்பது 4-ஆம் நூற்றாண்டு ஆயர் யூசேபியு எழுதிய திருச்சபை வரலாற்றிலிருந்து வரும் மரபு.

சிமிர்னாவில் அவரை ஆயர் பொலிக்கார்ப்பு வரவேற்றார். எபேசு, மக்னேசியா, திரல்லஸ் சபைகளிலிருந்து ஆள்கள் வந்து பார்த்தார்கள். அந்த மூன்று சபைகளுக்கும் உரோமைக்குமாக நான்கு கடிதங்களை அங்கிருந்து எழுதினார். பிலதெல்பியாவுக்கும் சிமிர்னாவுக்கும் பொலிக்கார்ப்புக்கும் எழுதிய மூன்று துரோவாவில் பிறந்தவை.

படி 4: உரோமையருக்கான கடிதத்தில் தொடங்குங்கள்

பதிப்புகளில் எபேசியருக்கான கடிதம் முதலில் இருக்கும். அதில் 21 அதிகாரங்கள், நீண்ட வாழ்த்துரை வேறு. அதை விட்டுவிட்டு, பத்தே அதிகாரமுள்ள உரோமையர் கடிதத்தை எடுத்து ஒரே மூச்சில் வாசியுங்கள்.

உரோமையில் உள்ள கிறிஸ்தவர்கள் செல்வாக்கைப் பயன்படுத்தித் தன்னைக் காப்பாற்றிவிடுவார்களோ என்பதுதான் அவருடைய பயம். "தயவுசெய்து தடுக்காதீர்கள்" என்று மன்றாடுகிறார். 'நான் கடவுளின் கோதுமை. விலங்குகளின் பற்களில் அரைபட்டு கிறிஸ்துவின் தூய அப்பமாக வேண்டும்' என்ற புகழ்பெற்ற வரி 4-ஆம் அதிகாரத்தில் வரும். அடுத்த அதிகாரத்தில் காவலுக்கு வந்த பத்துப் படைவீரர்களைப் பத்துச் சிறுத்தைகள் என்கிறார். இரவும் பகலும் அவர்களோடு சங்கிலியில் கிடக்கிறார். நல்லது செய்யச் செய்ய அவர்கள் இன்னும் மோசமாகிறார்களாம். அதே இடத்தில்தான், 'இப்போதுதான் சீடனாகத் தொடங்குகிறேன்' என்கிறார். பல ஆண்டுகள் ஆயராக இருந்தவர் சொல்கிற வார்த்தை இது.

கடைசி அதிகாரத்தைத் தவறவிடாதீர்கள். செப்டம்பர் முதல் நாளுக்கு முந்தைய ஒன்பதாம் நாள் என்று உரோமை முறையில் (அந்த முதல் நாளையும் சேர்த்து எண்ணி) தேதி போட்டிருக்கிறார். நம் கணக்கில் ஆகஸ்ட் 24. ஏழில் தேதியிட்ட கடிதம் இது ஒன்றுதான், அதிலும் ஆண்டு இல்லை.

சாவை இப்படி விரும்புவது சிலருக்கு உறுத்தும். எனக்கும் உறுத்தியது. அங்கேயே நின்று தீர்ப்பு எழுதிவிடாமல் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 5: உடனே பொலிக்கார்ப்புக்கு எழுதியதை வாசியுங்கள்

எட்டே அதிகாரம். மூத்த ஆயர் இளைய ஆயருக்குச் சொல்லும் அறிவுரை. கைம்பெண்களைக் கவனிக்காமல் விடாதே, அடிமைகளை ஏளனமாகப் பார்க்காதே, நல்ல சீடர்களை மட்டும் நேசித்தால் உனக்கு அதில் பெருமை இல்லை, அடிபடும் பட்டடைக்கல்லைப் போல உறுதியாக நில். சாவை நோக்கிப் போகிறவரின் மனம் முழுக்க மற்றவர்கள் மேல்தான் இருக்கிறது. துரோவாவிலிருந்து திடீரென்று கப்பலேற வேண்டியிருப்பதால் எல்லாச் சபைகளுக்கும் எழுத முடியவில்லை, நீயே எழுதிவிடு என்று 8-ஆம் அதிகாரத்தில் கேட்டுக்கொள்கிறார்.

படி 6: மற்ற ஐந்து

அப்புறம் எந்த வரிசையிலும் வாசிக்கலாம். பென்சிலால் இவற்றைக் குறித்துக்கொண்டே போங்கள்:

- எபேசியர் 4: யாழுக்கு நரம்புகள் போல ஆயரோடு மூப்பர்கள் இசைந்திருப்பது. 'ஆயர், மூப்பர், திருத்தொண்டர்' என்ற மூன்று நிலைகள் கடிதங்கள் முழுக்க வந்துகொண்டே இருக்கும்.
- எபேசியர் 20: நற்கருணையைச் 'சாவாமையின் மருந்து' என்று அழைக்கும் இடம்.
- பிலதெல்பியர் 8: பழைய ஏடுகளில் இருந்தால்தான் நம்புவோம் என்றவர்களுக்கு, 'என் ஏடு இயேசு கிறிஸ்துவே' என்று பதில்.
- சிமிர்னர் 8: 'கத்தோலிக்கத் திருஅவை' என்ற சொல், நமக்குக் கிடைத்துள்ள எழுத்துகளில் முதன்முதலாக.

சிமிர்னர் கடிதத்தைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். கிறிஸ்து உண்மையில் பாடுபடவில்லை, பாடுபட்டதுபோலத் தோன்றினார், அவ்வளவுதான் என்று ஒரு கூட்டம் சொல்லிவந்தது. அப்படியானால் என் கையில் கிடக்கும் சங்கிலியும் தோற்றம்தானா என்று கேட்கிறார் இஞ்ஞாசியார். அவரைப் பொறுத்தவரை இது புத்தக விவாதமே அல்ல.

படி 7: பொலிக்கார்ப்பு பிலிப்பியருக்கு எழுதிய கடிதம்

ஏழையும் முடித்தபின் இதை வாசியுங்கள். பிலிப்பி சபையார் இஞ்ஞாசியாரின் கடிதங்களைக் கேட்டிருக்கிறார்கள். கைவசம் இருந்தவற்றை இதோடு இணைத்து அனுப்புகிறேன் என்று 13-ஆம் அதிகாரத்தில் பொலிக்கார்ப்பு எழுதுகிறார். நாம் வாசித்த தொகுப்பின் முதல் தடயம் அதுதான். அனுப்பிவிட்டு அவர்களிடம் ஒன்று கேட்கிறார்: இஞ்ஞாசியாரைப் பற்றியும் அவரோடு போனவர்களைப் பற்றியும் உறுதியாக ஏதாவது தெரிந்தால் எங்களுக்கும் சொல்லியனுப்புங்கள்.