எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு, அப்புறம் கேஸ் எங்கே போகிறது? புகார்தாரர் கண்டுபிடிக்கும் வழி

2024 ஆகஸ்டில் வீட்டு வாசலில் நின்ற என் ஸ்ப்ளெண்டர் திருடு போனது. இரண்டே மாதத்தில் ஆளும் கிடைத்தான், வண்டியும் கிடைத்தது. ஆனால் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு வருடம் அலைந்தேன். தமிழ்நாட்டில் புகார் கொடுத்தவர் பக்கத்திலிருந்து இது எப்படி நகர்கிறது என்று எழுதுகிறேன்.

1. எஃப்.ஐ.ஆர். நகல்

இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) சட்டத்தின் 173வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மனு ரசீதைக் (சி.எஸ்.ஆர்.) கையில் கொடுத்து அனுப்பினால் அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. நகலில் உள்ள குற்ற எண்ணையும் வருடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. வண்டியை மீட்பது

கேஸ் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிடித்த வாகனங்களை ஸ்டேஷனில் நீண்ட காலம் போட்டுவைக்கக் கூடாது என்று 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டையோடு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இதே சட்டத்தின் 497வது பிரிவில் (பழைய சட்டத்தில் 451) மனு போட வேண்டும். முச்சலிக்கா (நிபந்தனைகளுக்குக் கட்டுப்படுவதாக எழுதித் தரும் உறுதிப் பத்திரம்) எழுதிக் கொடுத்ததும் வண்டி கைக்கு வரும். விற்கக் கூடாது, பெயின்ட் மாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை இருக்கும்.

3. நம்பர் மாறும் இடம் (நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்)

குற்ற எண் என்பது ஸ்டேஷன் நம்பர். போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, மாஜிஸ்திரேட் அதைக் கோப்புக்கு எடுத்த பிறகுதான் கோர்ட் ஒரு சி.சி. நம்பர் (கோர்ட்டின் வழக்கு எண்) கொடுக்கும். நான் கோர்ட் வழக்குகளின் நிலையைக் காட்டும் அரசின் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண் பெட்டியில் குற்ற எண்ணைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய செக் கேஸ் வந்து நின்றது!

'எஃப்.ஐ.ஆர். எண்' என்று தனித் தேடல் இருக்கிறது. அங்கே மாவட்டம், கோர்ட் வளாகம், ஸ்டேஷன், எண், வருடம் கொடுங்கள். நிலுவை, முடிந்தவை இரண்டிலும் பாருங்கள். அதிலும் என் கேஸ் வரவில்லை. நேரில் போனேன். பெஞ்ச் கிளார்க் பதிவேட்டைப் புரட்டி, "கட்டு ரிட்டர்ன் ஆகியிருக்கு சார், மகஜர் நகல் ஒண்ணு குறையுது" என்றார். கட்டு என்றால் குற்றப்பத்திரிகையும் அதோடு சேர்ந்த ஆவணங்களும்; மகஜர் என்றால் சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் குறிப்பு. குறை இருந்தால் கோர்ட் திருப்பிவிடும். போலீஸ் சரி செய்து மறுபடி தாக்கல் செய்யும்வரை கேஸ் கோப்புக்கு வராது, சி.சி. நம்பரும் கிடைக்காது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கு 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்று 193வது பிரிவு சொல்கிறது. அதைக் காட்டி ஸ்டேஷனில் எழுத்துமூலம் கேளுங்கள்.

நம்பர் விழுந்ததும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) கிடைக்கும். அதை இ-கோர்ட்ஸ் மொபைல் ஆப்பில் சேமித்துவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். தேடலுக்குக் கம்ப்யூட்டரில் தளம்தான் வசதி, வாய்தா (அடுத்த விசாரணை தேதி) பார்க்க ஆப் போதும். காசு வாங்கிக்கொண்டு இதையே காட்டும் தனியார் ஆப்களைத் தொடவே வேண்டாம்.

4. சாட்சிக் கூண்டு

எதிரிக்கு நகல் கொடுத்து, குற்றச்சாட்டு வனைந்து, அவர் மறுத்தால் சாட்சி விசாரணை. (கோர்ட் தமிழில் 'எதிரி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.) நான் அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி), என் புகார் அ.சா.ஆ.1 (அரசுத் தரப்பு முதல் சான்றாவணம்), வண்டி சா.பொ.1 (முதல் சான்றுப் பொருள்). சம்மன் வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள், வாரண்ட் வரை போகும். உள்ளே போகுமுன் ஏ.பி.பி.யை (அரசு உதவி வழக்கறிஞரை) பார்த்து உங்கள் புகாரை ஒருமுறை படித்துவிடுங்கள். குறுக்கு விசாரணையில் வண்டியை எத்தனை மணிக்கு நிறுத்தினேன் என்று என்னிடம் மூன்று முறை கேட்டார்கள். புகாரில் ஒன்பதரை என்றிருந்தது, என் வாயில் பத்து என்று வந்துவிட்டது.

சேர்த்தது: அடிதடியில் கொலை முயற்சி சேர்ந்த கேஸ் ஒன்று ஆப்பில் 'முடிந்தது' என்று காட்டுவதாக ஒரு வாசகர் பதறி எழுதியிருந்தார். பயம் வேண்டாம். செஷன்ஸ் கோர்ட்தான் விசாரிக்க வேண்டிய குற்றங்களுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சி.சி.க்குப் பதிலாக பி.ஆர்.சி. என்ற தற்காலிக நம்பர் விழும். அங்கிருந்து செஷன்ஸ் கோர்ட்டுக்கு ஒப்படைத்ததும் அந்த நம்பர் முடிந்துவிடும், செஷன்ஸில் எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) என்று புது நம்பர் வரும். எஃப்.ஐ.ஆர். தேடலில் இந்த முறை செஷன்ஸ் கோர்ட்டைத் தேர்ந்தெடுத்து, புது சி.என்.ஆரைச் சேமித்துக்கொள்ளுங்கள்.