காருக்குள் காற்றும் கண்ணாடியும்: ஏ.சி., பவர் விண்டோ பராமரிப்பு

‘ஏ.சி. சரியாகக் குளிரவில்லை’ என்று மெக்கானிக்கிடம் சொன்னால், ‘கேஸ் போட்டு எவ்வளவு நாளாச்சு?’ என்றுதான் முதலில் கேட்பார். பல கார்களில் குளிரூட்டும் வாயுவான அந்த கேஸின் அளவு சரியாகவே இருக்கும். தூசி அடைத்த ஃபில்டர், மண் படிந்த கண்டென்சர் (காரின் முகப்பில் கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி), ஓடாத விசிறி, தவறான பட்டன் என்று கோளாறு வேறெங்கோ இருக்கும். கண்ணாடியையும் ஏ.சி.யையும் தனித்தனியாகப் பார்ப்பதும் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். காருக்குள் வெப்பமும் ஈரமும் நுழைவதும் வெளியேறுவதும் பெரும்பாலும் இந்த இரண்டின் வழியாகத்தான். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது

சித்திரை மதியத்தில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற காருக்குள் 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறியிருக்கும். வெளியே 39 டிகிரிதான். கதவை மூடிக்கொண்டு ஏ.சி.யைப் போட்டால், அந்த 55 டிகிரிக் காற்றையே அது குளிர்விக்க வேண்டும். அதற்குப் பதில் நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, காற்றை ஊதும் புளோவரை முழு வேகத்தில் வைத்து, வெளிக்காற்று நிலையில் ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டுங்கள். சூடான காற்று வெளியேறிவிடும். பிறகு கண்ணாடியை ஏற்றி, உள்காற்றைச் சுழற்றும் பட்டனை அழுத்துங்கள் (கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்டிருக்கும்). நின்ற இடத்திலேயே சூட்டை வெளியேற்ற வேண்டுமென்றால், இடதுபக்கப் பின் கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டு, டிரைவர் கதவை நான்கைந்து முறை திறந்து மூடுங்கள். உள்ளிருக்கும் அனல் அந்தப் பக்கமாக வெளியே தள்ளப்படும்.

உள்காற்று பட்டனை அழுத்திவிட்டு மறந்துவிடுவது நம் ஊரில் பெரும் பழக்கம். ஐந்து பேர் மூச்சுவிடும் மூடிய காரில் கரியமில வாயு வேகமாகக் கூடும். நெடுஞ்சாலையில் காரணமில்லாமல் கண் சொக்குவதில் அதற்கும் பங்குண்டு. அரைமணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் வெளிக்காற்று நிலைக்கு மாற்றுங்கள். லாரிப் புகைக்குப் பின்னாலும் குப்பை எரியும் இடத்திலும் உள்காற்று நிலையே நல்லது.

சாதாரண, திருகு வகை ஏ.சி.யில் குளிர் அதிகமானால் வெப்பத் திருகைச் சிவப்புப் பக்கம் திருப்பாமல் புளோவர் வேகத்தைக் குறையுங்கள். சிவப்புப் பக்கம் திருப்பும்போது, குளிர்ந்த காற்றோடு எஞ்சின் சூட்டில் வந்த ஹீட்டர் காற்று கலக்கிறது. கேஸை அழுத்திச் சுழற்றும் கம்ப்ரஸர் பட்ட பாடு வீண். ஆட்டோமேட்டிக் ஏ.சி. இருந்தால் 24, 25 டிகிரியில் வைத்துவிட்டு அதைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.

கண்ணாடியில் பனி: உள்ளேயா, வெளியேயா?

மழைக்காலத்தில் அதிகம் குழம்புவது இதில்தான். பார்வை மறைந்ததும் கைக்கு வந்த பட்டனையெல்லாம் அழுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். முதலில் வைப்பரை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பனி துடைபட்டுப் போனால் அது வெளிப்புறத்தில் இருக்கிறது. போகவில்லையென்றால் உட்புறத்தில்.

உட்புறம் பனி படியக் காரணம் நம் மூச்சும், நனைந்த துணியும், ஈரமான கால்மிதியும். அந்த ஈரக்காற்று மழையால் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது. உள்காற்றுச் சுழற்சி போட்டிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். ஆகவே வெளிக்காற்று நிலைக்கு மாற்றி, ஏ.சி.யை ஆன் செய்து, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெப்பத்தைச் சற்றுக் கூட்டுங்கள். ‘மழையில் எதற்கு ஏ.சி.?’ என்று தோன்றும். குளிர்ந்த கூலிங் காயிலைத் தாண்டும்போது காற்றிலுள்ள ஈரம் அங்கேயே நீராக வடிந்துவிடுகிறது. இந்த வேலையைச் செய்ய காரில் வேறு கருவி இல்லை. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் ஹீட்டரோடு ஏ.சி.யையும் சேர்த்தே போட வேண்டும். ஹீட்டரை மட்டும் போட்டால் கண்ணாடி தெளிய நேரமாகும்.

வெளிப்புறப் பனி நேர்மாறான கதை. சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் மழை விட்ட இரவுகளில் வெளிக்காற்று புழுக்கமாக இருக்கும். உள்ளே ஏ.சி. 18-ல் ஓடினால் கண்ணாடி சில்லிட்டு, வெளி ஈரம் அதன்மேல் படியும். அப்போது காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பினால் பனி இன்னும் கூடும். காற்றை முகத்துக்கோ காலுக்கோ மாற்றி, வெப்பத்தை மூன்று நான்கு டிகிரி ஏற்றி, வைப்பரை விட்டு விட்டுப் போடுங்கள்.

பின்கண்ணாடியில் ஓடும் மெல்லிய கோடுகள் சூடேற்றும் கம்பிகள். அந்தக் கண்ணாடியை உட்புறம் துடைக்கும்போது கோட்டின் போக்கிலேயே துணியை நகர்த்துங்கள். குறுக்கே சுரண்டினால் ஒரு கம்பி அறுந்து, அந்த வரி மட்டும் பனி விலகாமல் நிற்கும்.

சொட்டும் தண்ணீர், புளித்த வாடை

ஏ.சி. ஓடிய கார் நின்றதும், முன்பக்கப் பயணி கால் வைக்கும் இடத்துக்குக் கீழே தண்ணீர் சொட்டினால் நல்ல அறிகுறி. காயிலில் சேர்ந்த ஈரம் வடிகுழாய் வழியே வெளியேறுகிறது. புழுக்கமான நாளில் அரைமணி ஓடியும் ஒரு சொட்டுக்கூட விழாமல், அந்தப் பக்கத் தரைவிரிப்பு நனைந்திருந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. காரை லிஃப்டில் தூக்கி, குழாய் முனையில் மெல்லிய வளையும் கம்பியை நுழைத்து அழுக்கை எடுக்க வேண்டும். அழுத்தக் காற்றைப் பலமாக அடித்தால் உள் இணைப்பு கழன்றுவிடலாம். விரிப்பில் உள்ள நீர் பச்சையாகவோ சிவப்பாகவோ வழவழப்பாக இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட். ஹீட்டர் காயில் ஒழுகுகிறது என்று பொருள், தள்ளிப்போடாதீர்கள்.

ஏ.சி.யைப் போட்டதும் முதல் சில விநாடிகள் ஈரச்சாக்கு வாடை அடித்தால், காயிலில் பூஞ்சை படிந்திருக்கிறது. வாசனைக் கட்டியை மாட்டுவது அதை மறைக்கும், போக்காது. இறங்குவதற்கு மூன்று நிமிடம் முன்பே ஏ.சி.யை அணைத்து, புளோவரை மட்டும் ஓடவிட்டுக் காயிலைக் காய வையுங்கள். இதை வழக்கமாக்கினால் பூஞ்சை பிடிக்க இடமில்லை. ஏற்கெனவே பிடித்துவிட்டால் கேபின் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, காயில் சுத்தம் செய்யும் நுரை ஸ்பிரேயை அடித்துக் கழுவ வேண்டும்.

கேபின் ஃபில்டர் பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். குளோவ் பாக்ஸின் இரு பக்கத்தையும் உள்நோக்கி அமுக்கினால் அது தொங்கும். பின்னால் ஒரு நீள மூடி தெரியும். கிளிப்பை அழுத்தி மூடியை எடுத்து, ஃபில்டரை நேராக இழுங்கள். புதியதைப் போடும்போது அதன் ஓரத்தில் அச்சிட்ட அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்ட வேண்டும். இதில்தான் அதிகம் தவறுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை அல்லது 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள். மண்சாலையில் ஓடும் காருக்கு அதற்கும் முன்பே. காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசித் திரும்பப் போடுவது சிக்கனம் போலத் தெரியும். ஆனால் அதன் இழைகள் ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும்.

குளிரவில்லை என்றால்

எப்போது குளிரவில்லை என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் நின்றால் மட்டும் சூடாக வந்தால் ரேடியேட்டர் விசிறியைப் பாருங்கள். ஏ.சி.யை ஆன் செய்த சில விநாடிகளில் அது சுழலத் தொடங்க வேண்டும். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்கலாம். விசிறி ஓடியும் அதே நிலையென்றால் கண்டென்சர் அழுக்கு. முன் கிரில்லின் வழியாகச் செத்த பூச்சியும் மண்ணும் தெரியும். மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கன்னைப் பக்கத்தில் பிடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கி, காற்றுக்கு வழி போய்விடும்.

தொடக்கத்தில் நன்றாகக் குளிர்ந்து, ஒரு மணி நேரம் கழித்துக் காற்றின் வேகமே குறைந்து, ஏ.சி.யை அணைத்து வைத்தால் மறுபடி சரியானால், காயில் பனிக்கட்டியாக உறைகிறது. காயிலின் குளிரை அளந்து கம்ப்ரஸரை நிறுத்தும் தெர்மிஸ்டர் பழுதாகியிருக்கலாம்; ஃபில்டர் அடைத்திருக்கலாம்; கேஸ் குறைந்திருந்தாலும் இப்படி நேரும். இதில் முதல் இரண்டுமே விலை குறைந்தவை. அவற்றைச் சரிபார்த்த பிறகே கேஸ் பேச்சு.

புளோவர் அதிவேகத்தில் மட்டும் ஓடி, குறைந்த வேகங்களில் ஓடாவிட்டால் அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. டேஷ்போர்டுக்குள் இடைவிடாமல் டிக் டிக் சத்தம் கேட்டால், குளிர், சூடு காற்றுப் பாதையைத் திருப்பும் சிறு மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்திருக்கும்.

கேஸ் பெட்ரோல் போலத் தீரும் பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. பானட்டைத் திறந்து, எஞ்சினும் ஏ.சி.யும் ஓடும்போது, பெல்ட்டுக்கும் விசிறிக்கும் கையை விலக்கி வைத்து, எஞ்சின் அறையிலிருந்து கேபினுக்குள் போகும் இரண்டு குழாய்களைத் தொட்டுப் பாருங்கள். பருத்த குழாய் சில்லிட்டு வேர்த்திருக்க வேண்டும். மெல்லியது கைக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சில கார்களில் மெல்லிய குழாய் நல்ல சூடாகவே இருக்கும் என்பதால் விரல் நுனியால் தட்டிப் பார்த்தாலே போதும். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாவிட்டால் கேஸ் குறைந்திருக்கலாம், அல்லது கம்ப்ரஸர் இயங்கவில்லை. குழாய் இணைப்புகளில் எண்ணெயும் தூசியும் சேர்ந்த கறுப்புப் படலம் தெரிந்தால் அங்கேதான் கசிவு. கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து வெளியேறும்.

ஒழுங்கான பணிமனையில், ஏ.சி.யில் மிச்சமிருக்கும் கேஸை முதலில் உறிஞ்சி எடுப்பார்கள். கசிவைக் கண்டுபிடித்து, ரப்பர் வளையம் மாற்றி, அரைமணிக்குக் குறையாமல் வேக்கம் போட்டு (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), மீட்டர் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்து, பிறகு எடை போட்டு நிரப்புவார்கள். எடை எவ்வளவு என்பது பானட்டின் உட்புற ஸ்டிக்கரிலேயே இருக்கும். சின்ன கார்களுக்கு ஏறக்குறைய 350 முதல் 500 கிராம். ‘அதிகம் போட்டால் அதிகம் குளிரும்’ என்பது பொய். கூடுதல் கேஸ் அழுத்தத்தை ஏற்றி, குளிர்ச்சியைக் குறைத்து, கம்ப்ரஸரைக் காவு வாங்கும். ஸ்டிக்கரில் ஆர்-134ஏ என்றிருந்தால் அதையேதான் போட வேண்டும். ஆர்-1234ஒய்எஃப் என்றிருந்தால் அதற்கு மாற்று இல்லை. எடை இயந்திரம் இல்லாமல், டப்பாவைச் சொருகி ‘டாப் அப்’ செய்கிறவரிடம் காரை விடாதீர்கள்.

குளிர் மாதங்களிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட்டுங்கள். கேஸோடு ஓடும் ஆயில்தான் கம்ப்ரஸரின் சீல்களை உலராமல் வைத்திருக்கிறது.

கண்ணாடி ஏற வேண்டிய வழி

பவர் விண்டோ மெதுவாக ஏறினால் எல்லோரும் மோட்டாரைத்தான் சந்தேகிப்பார்கள். முக்கால்வாசி நேரம் குற்றவாளி, கண்ணாடி ஓடும் ரப்பர் தடம். மண்ணும் காய்ந்த தூசியும் அதில் இறுகி, மோட்டார் முனகிக்கொண்டு இழுக்கும். கண்ணாடியை முழுதாக இறக்கி, மெல்லிய குச்சியில் ஈரத்துணி சுற்றித் தடத்தின் இரு பக்கமும் துடையுங்கள். காய்ந்ததும் சிலிகான் ஸ்பிரே அடித்து, நான்கைந்து முறை ஏற்றி இறக்குங்கள். கிரீஸும் எஞ்சின் ஆயிலும் வேண்டவே வேண்டாம். தூசியை ஈர்க்கும், ரப்பரையும் ஊத வைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் மோட்டாரின் ஆயுள் கூடும்.

ஒரு கண்ணாடி மட்டும் அசையவில்லையென்றால் டிரைவர் பக்கச் சுவிட்சில் முயலுங்கள். அதில் ஓடினால் அந்தக் கதவின் சுவிட்ச் பழுது; அல்லது டிரைவர் பக்கத்துக் குழந்தைப் பூட்டு பட்டன் அழுந்தியிருக்கிறது. கதவைத் திறந்து பிடித்தால் ஓடி, மூடினால் ஓடவில்லையென்றால், கீல் அருகே ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருக்கிறது. கறகறவென்ற சத்தத்தோடு கண்ணாடி கோணலாகவோ கதவுக்குள் தொப்பென்றோ இறங்கினால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் கேபிள் போய்விட்டது. மேலும் சுவிட்சை அழுத்தாமல், கண்ணாடியை இரு கையால் மேலே தூக்கி, அகல டேப்பை இரு பக்கமும் ஒட்டி நிறுத்திக்கொண்டு பணிமனைக்குப் போங்கள்.

கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு; அடியிலுள்ள சிறு துளைகள் வழியே அது வடிந்துவிட வேண்டும். கதவை மூடும்போது உள்ளே சலசலவென்று கேட்டால் துளை அடைத்திருக்கிறது. குச்சியால் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் துரு பிடிக்கும்.

வெள்ளத்தில் சிக்கும் நேரத்துக்கு ஒரு எச்சரிக்கை. தேங்கிய நீரைக் கடக்கும் முன் ஏ.சி.யை அணையுங்கள்; இல்லாவிட்டால் சுழலும் ரேடியேட்டர் விசிறி நீரில் மோதி உடையலாம், எஞ்சின் அறைக்குள் நீரை வாரி இறைக்கும். நீர் ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில் கார் நின்றுவிட்டால், மின்சாரம் இருக்கும்போதே கண்ணாடிகளை இறக்கிவிட்டு வெளியேறுங்கள். கண்ணாடியை உடைக்க வேண்டி வந்தால் பக்கக் கண்ணாடியின் ஓரத்தில், கூர்முனைச் சுத்தியலால் அடிக்க வேண்டும்; முன்கண்ணாடி இரு அடுக்காக ஒட்டியது, விரிசல் விடுமே தவிர விலகாது.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு, ஒரே அழுத்தில் ஏறும் கண்ணாடி பாதியில் நின்று திரும்ப இறங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. கை நசுங்காமல் காக்கும் அமைப்பு தன் அளவை மறந்திருக்கிறது. கண்ணாடியை அடிவரை இறக்கி, பிறகு முழுதாக ஏற்றி, ஏறி முடிந்த பிறகும் சுவிட்சை இழுத்தபடி ஐந்து விநாடி பிடியுங்கள். பெரும்பாலான கார்களில் இதுவே போதும். ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.