கேரலை கான்சர்ட் பேண்டுக்கு எழுதும்போது

ஒரு கேரலின், அதாவது கிறிஸ்துமஸ் பாட்டின், நாலு குரல் ஹார்மனி கையில் இருக்கிறது; அதைக் கான்சர்ட் பேண்டுக்கு (ஊதும் வாத்தியங்களும் தாள வாத்தியங்களும் கொண்ட குழுவுக்கு) எழுத வேண்டும். சோப்ரானோவை ஃபுளூட்டுக்கும் டிரம்பெட்டுக்கும், ஆல்டோவை இரண்டாம் கிளாரினெட்டுக்கும், டெனரை டிரம்போனுக்கும், பேஸை டியூபாவுக்கும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். வாசித்துப் பார்த்தால் முதல் சரணம் நன்றாகவே இருக்கும். இரண்டாவதில் கேட்பவர் நெளிய ஆரம்பிப்பார். ஒரே மெட்டு மூன்று நான்கு முறை வருவதுதான் கேரலின் சிக்கல். பாடுகிறவருக்குச் சரணத்துக்குச் சரணம் புதுச் சொல் உண்டு. பேண்டுக்குச் சொல் கிடையாது, அந்த வேலையை வாத்தியத்தின் நிறமும் கனமும்தான் செய்தாக வேண்டும். அதனால் முதல் முடிவு, யார் எந்த இடத்தில் சும்மா இருக்க வேண்டும் என்பது.

அதற்கும் முன்னால், மெட்டு காப்புரிமை முடிந்த அளவுக்குப் பழையதுதானா என்று பாருங்கள். ‘சைலன்ட் நைட்’ 1818இல் குரூபர் போட்ட மெட்டு, கவலையில்லை. ‘லிட்டில் டிரம்மர் பாய்’ கேட்க நாட்டுப்புறப் பாட்டு மாதிரி இருந்தாலும் 1941இல் எழுதப்பட்டது; அனுமதி வேண்டும். மெட்டு பழையதாக இருந்தும் ஹார்மனி புதிதாக இருக்கலாம். ‘பக்தரே வாரும்’ (‘ஓ கம் ஆல் யீ ஃபெய்த்ஃபுல்’) கடைசிச் சரணத்துக்கு டேவிட் வில்காக்ஸ் எழுதிய டெஸ்கன்ட்டை (மெட்டுக்கு மேலே தனியாகப் பாடும் வரியை) ஊரெல்லாம் பாடுகிறார்கள் என்பதற்காக அது பொதுச் சொத்தாகிவிடாது. டெஸ்கன்ட்டை நீங்களே எழுதுங்கள்.

நோட்டேஷன் மென்பொருளைத் திறக்காமல் ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: மேலே பார் (இங்கே நான்கு பீட் கொண்ட தாளக் கட்டம்) எண், பக்கவாட்டில் வாத்தியக் குழுக்கள். ‘பக்தரே வாரும்’ பல்லவியோடு 20 பார். நிமிடத்துக்கு 104 பீட் வேகத்தில் ஒரு சரணம் ஏறத்தாழ 46 விநாடி. மூன்று சரணம், 4 பார் முன்னிசை, 4 பார் இணைப்பு, 6 பார் முடிவு என்றால் 74 பார். மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அது போதும். கட்டத்தில் மொத்த பேண்டும் சேர்ந்து வாசிக்கும் இடம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். உதாரணத்துக்கு ஒரு வழி: முதல் சரணத்தில் மெலடி யூஃபோனியத்துக்கு (டியூபாவின் தம்பி மாதிரி), அடியில் ஹார்ன்களும் பேஸ் கிளாரினெட்டும், டியூபா சும்மா. இரண்டாவதில் மரக்காற்று வாத்தியங்கள் மட்டும் 12 பார், பல்லவியில் டிரம்போன் நுழைகிறது. டிரம்பெட் மெலடியைத் தொடுவதே மூன்றாவதில்தான்.

கீ (பாட்டின் அடிப்படைச் சுருதி) விஷயத்தில் பாட்டுப் புத்தகத்தை நம்ப வேண்டாம். ‘பக்தரே வாரும்’ அதில் பெரும்பாலும் ஜி மேஜரில் இருக்கும். சில வாத்தியங்களில் எழுதும் நோட்டும் ஒலிக்கும் நோட்டும் வேறு என்பதால், அப்படியே எடுத்தால் கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் மூன்று ஷார்ப், ஆல்டோ சாக்ஸுக்கு நான்கு. ஒரு டோன் இறக்கி எஃப் மேஜரில் வைத்தால் அது முறையே ஒன்று, இரண்டு ஷார்ப் ஆகிவிடும்; ஹார்னுக்கு எதுவுமே இல்லை. ‘ஜாய் டு த வேர்ல்ட்’ டியிலிருந்து ஈ ஃபிளாட்டுக்கு ஏறினால் பேண்டுக்கு வசதி. கூட்டமும் சேர்ந்து பாடுவதாக இருந்தால் மேல் ஈ ஃபிளாட்தான் எல்லை.

கீயை மாற்றினால் மட்டும் போதாது, மெட்டு வாத்தியத்தின் எந்தப் பகுதியில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ‘சைலன்ட் நைட்’ இதற்கு நல்ல பாடம். பி ஃபிளாட் மேஜரில் அதைக் கிளாரினெட்டுக்குப் பாடும் உயரத்திலேயே கொடுத்தால் எழுத்தில் ஜி, ஏ, ஜி, ஈ என்று தொடங்கும். அந்த ஜியும் ஏயும் த்ரோட் நோட். கிளாரினெட்டின் மிக வெளிறிய இடம். பாட்டின் மிக அழகான அடி அங்கே போய் உட்காரும். ஒரு ஆக்டேவ் (அதே பெயருள்ள அடுத்த நோட் வரை) இறக்கலாம் என்றால், மெட்டின் வீச்சு ஒரு ஆக்டேவும் நாலு படியும். கடைசி டி, சி இரண்டும் கிளாரினெட்டின் அடி ஈ-க்கும் கீழே போய்விடும். கீயை ஈ ஃபிளாட்டாக மாற்றி ஒரு ஆக்டேவ் இறக்குங்கள். முழு மெட்டும் அடி எஃப்பிலிருந்து த்ரோட் பி ஃபிளாட் வரை, பெரும்பாலும் இருண்ட கீழ்ப் பகுதியிலேயே அடங்கிவிடும். மேலே ஜி, ஏ, பி ஃபிளாட் மட்டும்தான் வெளிறும். பி ஃபிளாட்டை விட மனமில்லையென்றால் மெலடியை யூஃபோனியத்துக்குக் கொடுங்கள், அங்கே அது சொந்த வீட்டில் இருப்பது மாதிரி கேட்கும்.

அடுத்து அடிப்பகுதி. பாட்டுப் புத்தகத்தின் பேஸ் வரியை யூஃபோனியம் அதே உயரத்திலும் டியூபா ஒரு ஆக்டேவ் கீழேயும் வாசிக்கலாம். நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழே உள்ள சி-யைத் தாண்டினால் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின்) ரூட் எனும் அடிப்படை நோட், அதிலிருந்து எண்ணினால் ஐந்தாவது, ஆக்டேவ் தவிர எதையும் வைக்காதீர்கள். அங்கே மூன்றாவது சேர்ந்தால் கார்டு வெறும் உறுமலாகிவிடும். புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். கணினி பிளேபேக்கில் அது தெரியாது, அங்கே எல்லாமே தெளிவாக ஒலிக்கும்.

மூன்றாவதின் தொல்லை மேலேயும் உண்டு. பியானோவின் மேஜர் மூன்றாவது, தூய மூன்றாவதைவிட ஏறத்தாழ 14 சென்ட் (அரை டோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அதிகம். நீண்ட கார்டில் காது உள்ளவர் அதை இறக்கி வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர் டியூனரைப் பார்த்து வாசிப்பார். ஆறு பேரிடம் மூன்றாவதைக் கொடுத்தால் கார்டு புளித்துவிடும். ஏ ஃபிளாட்டில் முடிகிற கார்டை இப்படிப் பிரிக்கலாம்: டியூபா அடி ஏ ஃபிளாட், யூஃபோனியமும் பாரிடோன் சாக்ஸும் அதற்கு ஒரு ஆக்டேவ் மேலே, மூன்றாம் டிரம்போன் ஈ ஃபிளாட், இரண்டாவது ஏ ஃபிளாட், முதலாவது நடு சி, டிரம்பெட்டுகளும் ஹார்ன்களும் ஏ ஃபிளாட், ஈ ஃபிளாட் மட்டும். மேலே இன்னொரு சி வேண்டுமென்றால் இரண்டாம் கிளாரினெட்டில் வையுங்கள்.

மூச்சு. ஆர்கனுக்கு அது வேண்டாம், பாடகருக்குக் காற்புள்ளி காட்டிக்கொடுக்கும். வாத்தியக்காரருக்கு ஒன்றும் எழுதாவிட்டால் பார் கோட்டில்தான் மூச்சு விடுவார், வரி இரண்டாக உடையும். மெலடி வாசிக்கும் பார்ட்டுகளில் நோட்டுக்குக் கீழே பாட்டின் சொற்களையே அச்சிடுங்கள். எங்கே மூச்சு, எங்கே அழுத்தம் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது. ‘சைலன்ட் நைட்’ போல மெதுவான பாட்டில் டியூபாவுக்கு நான்கு பாருக்கு ஒரு முறையாவது இடைவெளி வேண்டும். இரண்டு டியூபா இருந்தால் மாற்றி மாற்றிக் குறியுங்கள்.

எதிர்மெலடிக்கு ஒரே விதி: மெட்டு நிற்கும்போது நடக்க வேண்டும், மெட்டு நடக்கும்போது நிற்க வேண்டும். அடி முடிவில் நீளும் நோட்டுதான் அதன் வாசல். டெனர் சாக்ஸும் யூஃபோனியமும் சேர்ந்தால் போதும், மூன்றாவது வாத்தியம் சேர்த்தால் மெலடியை முழுங்கிவிடும்.

கடைசிச் சரணத்துக்கு அரை டோன் ஏற்றும் வழக்கம் பாடகர்களுக்குச் சரி. எஃப்பிலிருந்து ஜி ஃபிளாட்டுக்குப் போனால் பேண்ட் திண்டாடும். எஃப்பிலிருந்து ஏ ஃபிளாட்டுக்குப் போங்கள்; சி இரண்டிலும் பொது. இணைப்பின் முதல் இரண்டு பாரிலும் ஹார்ன் அந்த சி-யைப் பிடித்திருக்கட்டும். கீழே முதல் பார் எஃப், இரண்டாவது பேஸில் ஈ ஃபிளாட் வைத்த ஏ ஃபிளாட், அடுத்த இரண்டும் ஈ ஃபிளாட் செவன்த். அங்கே ஹார்ன் பி ஃபிளாட்டுக்கு இறங்கும். நான்காம் பாரின் கடைசி பீட்டில் எல்லோரையும் நிறுத்தி, டிரம்பெட்டை மட்டும் மெட்டின் முதல் நோட்டைத் தொடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த ஏ ஃபிளாட், கார்டின் ஜி-யோடு உரசும்.

இந்த இடத்தில் டிம்பனியை (சுருதி வைக்கும் பெரிய முரசை) மறப்பது வழக்கமான தப்பு. நான்கு டிம்பனி இருந்தால் கீழிருந்து எஃப், ஏ ஃபிளாட், சி, ஈ ஃபிளாட் என்று தொடக்கத்திலேயே வைத்துவிடலாம். இரண்டே இருந்தால் சுருதி மாற்ற குறைந்தது பத்து பார் ஓய்வு கொடுங்கள். ஸ்லே பெல்ஸ் (குலுக்கும் சலங்கை மணி) ஒரு சரணத்துக்கு மேல் வேண்டாம். கிளாக்கன்ஸ்பீல் (சுத்தியால் தட்டும் உலோகப் பட்டை வாத்தியம்) எழுதியதைவிட இரண்டு ஆக்டேவ் மேலே ஒலிக்கும் என்பதால் அதை ஃபுளூட்டோடு முழு மெலடியும் வாசிக்க விடாமல், அடியின் முதல் நோட்டில் மட்டும் தொடவிடுங்கள்.

ஓபோ, பாசூன் எல்லா பேண்டிலும் இருக்காது. ஓபோ தனித்து வரும் வரியை முதல் ஆல்டோ சாக்ஸிலும், பாசூன் வரியை பேஸ் கிளாரினெட்டிலும் சிறிய நோட்டில் க்யூவாக (அந்த வாத்தியம் இல்லாவிட்டால் வாசிக்க) எழுதுங்கள். பார்ட் அச்சிடும் முன் ஒவ்வொன்றையும் தனியாக முதலிலிருந்து கடைசிவரை பாடிப் பாருங்கள். நடுக் குரல்களில் இருபது பாருக்கு ஒரே இரண்டு நோட்டு மாறிமாறி வந்தால், மூன்றாம் கிளாரினெட்டோடு ஒரு சரணத்துக்கு வரியை மாற்றிக்கொள்ளுங்கள்.