ரைன் எல்லையில் ரோமானிய எச்சங்கள்: படம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமப் பேரரசின் பழைய எல்லை, ஜெர்மனியின் பான் நகருக்குத் தெற்கிலிருந்து நெதர்லாந்தின் வடகடல் கரை வரை, ரைன் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீள்கிறது. 2021இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இங்கே கேமராவோடு போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, தூண்களையும் வளைவுகளையும் தேடி அலைவதுதான். இந்தச் சமவெளியில் கல் அரிது. தொடக்கக் காலக் கோட்டைகள் மரத்தாலும் மண்ணாலும் எழுந்தவை. பின்னால் வந்த கல்லையும் இடைக்காலத்தவர் பெயர்த்து வேறு கட்டடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் மேடும் பள்ளமும்தான்.

அந்த மேடு பள்ளங்களை உச்சி வெயிலில் எடுத்தால் படத்தில் வெறும் புல்வெளிதான் தெரியும். கோடை நடுப்பகலில் எடுப்பதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். ஜெர்மனியின் க்ஸான்டன் நகருக்கு அருகே பிர்ட்டனில் மண்ணால் ஆன வட்டரங்கு ஒன்று இருக்கிறது, கி.பி. 69-70இல் பத்தாவியர் என்ற ஜெர்மானிய இனத்தார் ரோமுக்கு எதிராகச் செய்த கலகத்தில் அழிந்த வெத்தெரா என்ற ரோமானியப் படைமுகாமைச் சேர்ந்தது. டிசம்பரில் நடுப்பகலில்கூடச் சூரியன் அங்கே ஏறத்தாழ 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். அந்தச் சாய்வெயிலில் அரங்கின் மண்கரையில் ஒவ்வொரு மடிப்பும் நிழலோடு எழுந்து நிற்கும். கோடையில் போனால் விடியலிலோ மாலையிலோ போங்கள். அளவு புரிய, கரையடியில் ஓர் ஆளை நிறுத்துங்கள். சரிவில் மட்டும் ஏற வேண்டாம். ஈர மண் எளிதில் சரியும்.

க்ஸான்டன் தொல்லியல் பூங்காவில் துறைமுகக் கோயிலின் தூண்கள் கம்பீரமானவை, ஆனால் இருபதாம் நூற்றாண்டின் மறுகட்டுமானம். அதைச் சொல்லாமல் ‘ரோமானியக் கோயில்’ என்று மட்டும் தலைப்பிடுவது பார்ப்பவரை ஏமாற்றுவது. மேடைக்கு அடியில் போனால் அசல் அடித்தளத்தையே காணலாம். அதையும் சேர்த்து எடுங்கள்.

அருங்காட்சியகத்தில் ஃபிளாஷ் வேண்டாம். கி.பி. 9இல் ஜெர்மானியர் ரோமப் படையை அழித்த வாருஸ் போரில் மாண்ட மார்க்குஸ் கேலியுஸ் என்ற ரோமானியப் படை அதிகாரியின் நினைவுக்கல் பான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேரெதிர் வெளிச்சம் அதன் எழுத்துகளைத் தட்டையாக்கிவிடும். பக்கவாட்டில் விளக்கு விழும் கோணம் கிடைக்கும்வரை நீங்கள்தான் நகர வேண்டும்.

உழுத வயலில் ஓடோ காசோ கண்ணில் பட்டால், இருப்பிடக் குறிப்போடு படத்தை இணையத்தில் போடாதீர்கள். தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். உலோகம் தேடும் கருவியோடு இரவில் வருகிறவர்களுக்கு அந்தக் குறிப்பே வழிகாட்டும். அவர்கள் தோண்டி எடுத்த பிறகு, அந்தக் காசு எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை யாராலும் மீட்க முடியாது.