பழைய ரௌட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்

பின்பக்கச் சமையலறைக்கு வைஃபை எட்டவில்லையென்றால், அலையை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டர் வாங்கும் முன் அலமாரியில் தூங்கும் பழைய ரௌட்டரை எடுங்கள். முதலில் அதன் செட்டிங்ஸ் பக்கத்தில், கைப்பேசிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை (DHCP) அணைத்து, ரௌட்டரின் சொந்த ஐபி முகவரியை மாற்றுங்கள்: புதியது 192.168.1.1 என்றால் பழையதற்கு 192.168.1.2. அப்புறம் புதியதின் லேன் (LAN) துளையிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, பழையதின் லேன் துளையிலேயே செருகுங்கள். இணையம் உள்ளே வருவதற்கான, தனி நிறத்தில் இருக்கும் வான் (WAN) துளையில் வேண்டாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

டிஎச்சிபியை ஏன் அணைக்க வேண்டும்? இரண்டு பெட்டிகளும் முகவரி கொடுத்தால், ஒரே நிரைக்கு இரண்டு கங்காணி போட்ட கதைதான், இணையம் வரும், போகும். சாதாரண எக்ஸ்டெண்டர் வாங்கிய அலையையே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கேபிளில் அந்த இழப்பு இல்லை.

சுங்கை சிப்புட் தாமான் வீடுகளுக்கு இது போதும். பழைய பெட்டியின் துளை 100 எம்பிபிஎஸ் வகை என்றால் அதற்கு மேல் வேகம் வராது. அடுத்த வீட்டு அக்காவுக்கும் கொடுக்கலாமே என்று வெளியே கேபிள் இழுக்காதீர்கள். நம்மூர் இடி மின்னலுக்கு இரண்டு வீட்டுப் பெட்டியும் போய்விடும்.