அலுமாரியில தூங்குற கரமும் செஸ்ஸும் கிளப் பிள்ளையளிட்டப் போய்ச்சேர: திருகோணமலையில நாங்க செய்யிற முறை

நான் முதல் முதல் ஒரு கிளப்புக்குச் சேர்த்துக் குடுத்த ஸ்க்ராபிள் பெட்டியில 100 எழுத்து இருக்கவேண்டிய இடத்தில 71 தான் இருந்திச்சு. அதைக் கண்டுபிடிச்சது நான் இல்லை. பத்து வயசு மதிக்கத்தக்க ஒரு பிள்ளை பையைக் கொட்டி ஒரு நிமிஷம் துழாவிப்போட்டு, "அங்கிள், எஸ் ஒண்டுதான் கிடக்கு, நாலு இருக்கோணும்" எண்டு சொல்லிச்சு. நான் அசடு வழிஞ்சுகொண்டு நிண்டன். அண்டைக்கு நாங்க கொண்டுபோனது 14 பெட்டி, திறந்த உடனே விளையாடக்கூடியதா இருந்தது நாலோ அஞ்சோதான், மிச்சமெல்லாம் எங்கட வீட்டுக் குப்பையை அவங்கட அலுமாரிக்கு மாத்தினமாதிரித்தான். சுனாமிக்குப் பிறகு இலங்கைக்கு வந்த நிவாரணச் சாமானுக்குள்ள குளிர் கோட்டும் ஹை ஹீல்ஸும் கிடந்த கதை எங்கட ஊரில ஆருக்குத்தான் தெரியாது, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்ச நானே அதே வேலையைத்தான் செய்திருக்கிறன்.

அதுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாப் படிச்சதைத்தான் கீழ எழுதுறன். புதுசா ஆரும் இதைத் தொடங்கினா எங்களைமாதிரித் தடுக்கி விழத் தேவையில்லை.

ஒண்டு முதல்லயே சொல்லோணும். "கேமிங் கிளப்" எண்டு சொன்னா எங்கட பெடியளுக்கு ஃபோனில விளையாடுற சூட்டிங் கேம்தான் ஞாபகம் வரும். நான் கதைக்கிறது மேசையில வச்சு விளையாடுறதைப் பற்றி: கரம், செஸ், ஸ்க்ராபிள் (எழுத்துக்கட்டையால சொல் கட்டுறது), தாம் (இங்கிலிஷில draughts), லூடோ, வெளிநாட்டில இருந்து வாற போர்ட் கேமுகள், பிறகு குட்டிப் பொம்மையளுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஆக்களிட்ட மிஞ்சிற பெயிண்ட், பிரஷ்.

1. சாமான் சேர்க்க முதல் கிளப்பிட்ட கேளுங்கோ

எல்லாரும் தலைகீழாத்தான் செய்யிறது. வீடு நிறையச் சேர்த்துப்போட்டு "ஆருக்குக் குடுக்கிறது?" எண்டு தேடுறது. முதல் ஆளைப் பிடியுங்கோ. சனசமூக நிலையம், இளைஞர் கழகம், வாசிகசாலை, அறநெறி வகுப்பு, சேர்ச்சில இருக்கிற யூத் குறூப் எண்டு திருமலையில பிள்ளையள் பின்னேரம் கூடுற இடம் கனக்க இருக்கு. பேர்ப்பலகையில கிளப் எண்டு இருக்கோணும் எண்டில்லை, கிழமைக்கு ஒருக்காவாவது பத்துப் பிள்ளையள் வந்தாப் போதும்.

நேர போங்கோ, ஃபோனில கேட்டா "எதெண்டாலும் தாங்கோ தம்பி" எண்டுதான் சொல்லுவினம், அது மரியாதைக்குச் சொல்லுறது. நேர போனா கண்ணாலயே பாதி விளங்கும்: பூட்டுப் போடக்கூடிய அலுமாரி இருக்கா, கூரை ஒழுகுதா, மேசை எத்தனை, திறப்பு ஆரிட்ட இருக்கு. திறப்பு வச்சிருக்கிற ஆள்தான் முக்கியம், தலைவர் செயலாளர் எல்லாம் பிறகு. அந்த அக்காவோ அண்ணாவோ சனிக்கிழமை பின்னேரம் வந்து திறக்காட்டி நீங்க குடுத்த சாமான் அடுத்த வருஷமும் அப்பிடியே கிடக்கும்.

இன்னொரு கேள்வி, இது கொஞ்சம் பக்குவமாக் கேக்கோணும். கடுதாசிக் கட்டு (சீட்டுக்கட்டு) எண்டாலே கன வீடுகளில சூது எண்டுதான் நினைப்பினம், அம்மாமார் கண்டா அண்டையோட பிள்ளையை அனுப்புறதை நிப்பாட்டிப்போடுவினம். மூதூர், கிண்ணியாப் பக்கம் சில குடும்பங்களில டைஸ் உருட்டுற விளையாட்டும் மார்க்கப்படி சரியில்லை எண்டு சொல்லுவாங்க. நாங்க வாதாடப் போறேல்ல. "கடுதாசி, டைஸ் உங்களுக்குச் சரியா, இல்லாட்டி வேற குடுக்கட்டா?" எண்டு கேட்டா முடிஞ்சு.

2. ஆக்களிட்ட எப்பிடிக் கேக்கிறது

வட்ஸ்அப்பில "பழைய விளையாட்டுச் சாமான் இருந்தாத் தாங்கோ" எண்டு மொட்டையாப் போட்டா கை உடைஞ்ச பாபி பொம்மையும் சக்கரம் இல்லாத சைக்கிளும்தான் வரும். எனக்கு வந்தது. இப்ப நாங்க அனுப்புறது இதுதான், வேணுமெண்டா அப்பிடியே எடுங்கோ:

"வணக்கம். உங்கட வீட்டில விளையாடாமல் கிடக்கிற செஸ், கரம், ஸ்க்ராபிள், லூடோ, போர்ட் கேம், தண்ணியில கரைக்கிற பெயிண்ட், பிரஷ் இருந்தாத் தாங்கோ. ஒரு காய் ரெண்டு காய் குறைஞ்சாலும் பரவாயில்லை, என்ன குறையுது எண்டு ஒரு துண்டில எழுதி உள்ள வையுங்கோ. ஸ்ப்ரே கேன், திறந்த பசை, பற்றரி கசிஞ்ச சாமான் வேண்டாம். வாற ரெண்டு சனிக்கிழமையும் பின்னேரம் 4 மணியில இருந்து 6 மணி வரைக்கும் கொண்டுவந்து தரலாம்."

ரெண்டு சனிக்கிழமை எண்டு எல்லை போட்டது சும்மா இல்லை. எல்லை இல்லாட்டி மாசக்கணக்கா ஒவ்வொரு பெட்டியா வந்துகொண்டே இருக்கும், உங்கட வீட்டு மண்டபம் ஸ்டோர் ஆகிடும். ஆரும் இல்லாத நேரம் கேற்றடியில வச்சிட்டுப் போகவும் விடாதேங்கோ. எங்கட ரவுணில மான் திரியிறது வெளியூர் ஆக்களுக்கு வடிவு, எங்களுக்கு ஒருநாள் காலமை எழும்பிப் பாத்தா மொனோப்பொலி பெட்டியின்ர ஒரு மூலை இல்லை. மான் நிண்டு அசைபோடுது!

வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் கார்கோப் பெட்டியில ஏதாவது போட்டு அனுப்பட்டா எண்டு கேப்பினம். நல்ல விஷயம்தான், ஆனா தனியா ஒரு பெட்டி அனுப்பாமல் வீட்டுக்கு வாற பெட்டியில இடம் மிஞ்சினா வைக்கச் சொல்லுங்கோ. வரி விஷயத்தை அனுப்ப முதல் கார்கோக் கடையிலயே கேக்கட்டும். பற்றரியைக் கழட்டிப்போட்டு அனுப்பச் சொல்லுங்கோ, பெயிண்ட் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம்.

3. எண்ணுறது (இதுதான் பெரிய வேலை)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலத்தில பாய் ஒண்டு, ரெண்டு மூண்டு ஆக்கள், தேத்தண்ணி. ஒரு நேரத்தில ஒரு பெட்டியை மட்டும் திறவுங்கோ, ரெண்டைத் திறந்தா கலந்திடும், கலந்தா அண்டைய நாள் போச்சு.

ஸ்க்ராபிள் எண்டா எழுத்துகளைப் போர்டிலயே பத்துக்குப் பத்தா அடுக்குங்கோ. சதுரம் நிரம்பினா 100 சரி, ஒவ்வொண்டா எண்ணத் தேவையில்லை. பிறகு முக்கியமானதை மட்டும் பாருங்கோ: ஈ 12, ஏ 9, ஐ 9, எஸ் 4, ஒண்டும் எழுதாதது 2. கே, ஜே, எக்ஸ், கியூ, இசட் ஒவ்வொண்டுதான் இருக்கும், துலையிறதும் அனேகமா அதுகள்தான். ரெண்டு குறைஞ்ச செட் இருந்தா ஒண்டாக்கிப்போடலாம், ஆனா மரக்கட்டையையும் பிளாஸ்ரிக்கையும் கலக்காதேங்கோ, பைக்குள்ள கையை விட்டாத் தடவியே கண்டுபிடிச்சிடுவாங்க. எங்கட பெடியளை லேசா எடைபோடாதேங்கோ.

செஸ்ஸுக்கு 32 காய், பக்கத்துக்கு 16. சிப்பாய் (pawn) ஒண்டு குறைஞ்சா வேற செட்டில இருந்து எடுக்கலாம், உயரம் கிட்டமுட்ட ஒத்துப்போனாச் சரி. ராசா குறைஞ்சா அந்த செட்டை உதிரிக்கு வையுங்கோ. செஸ் மணிக்கூடு வந்தா முதல் வேலை பற்றரி மூடியைத் திறந்து பாக்கிறது. வெள்ளையாப் பொருக்குத் தட்டியிருந்தாக் கையுறை போட்டுத் துடைச்சு, வேலை செய்யுதா எண்டு பாத்திட்டுத்தான் குடுக்கோணும்.

கரத்துக்குக் கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1, ஸ்ட்ரைக்கர். போர்டை மட்டமான நிலத்தில வச்சு ஒரு காயைச் சுண்டி விடுங்கோ, ஒரே பக்கமா இழுத்துக்கொண்டு போனா பலகை வளைஞ்சு போச்சு. கடற்கரை வீடுகளில இருந்து வாற போர்டு கனக்க இப்பிடித்தான். வளைஞ்சதைக் குடுத்து என்ன செய்யிறது, பிள்ளையளுக்குச் சண்டைதான் மிச்சம். போர்டோட வாற பவுடர் டப்பாவில போரிக் எண்டு இருந்தா எடுத்து வெளிய வையுங்கோ. கரம் போட்டில வழுக்கத் தூவுறதுக்குக் காலங்காலமாப் பாவிக்கிறதுதான், ஆனா அது வாய்க்குள்ள போனாக் கூடாத சாமான், சின்னப் பிள்ளையள் கையை நக்குற வயசு.

கடுதாசி எண்டா ஒரு சின்னச் சந்தோஷமான விஷயம் இருக்கு. 52 இல்லாட்டிப் பிரயோசனமில்லை எண்டு நினைச்சுத்தான் ஆக்கள் எறியிறது. ஆனா 304 எண்ட கடுதாசி விளையாட்டை விளையாட ஏழில இருந்து ஆஸ் வரைக்கும் 32 கடுதாசி காணும். புள்ளிக் கணக்கு ஜேக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2, ஒரு பூவுக்கு (suit) 76, நாலுக்கும் கூட்டினா 304. ரெண்டும் மூண்டும் துலைஞ்ச கட்டெல்லாம் அப்பிடியே வளர்ந்த பெடியள் இருக்கிற கழகத்துக்குப் போகும். கடுதாசிக்கு ஓம் சொன்ன கழகத்துக்குத்தான்.

லூடோக் காய் இல்லையா, நாலு நிறத்தில சட்டைப் பொத்தான் போடுங்கோ. தாம் காய்க்குச் சோடா மூடி, ஒருத்தருக்கு நிமித்தி மற்றவருக்குக் கவுத்து, எங்கட அப்பா காலத்தில இருந்து அதுதான். டைஸ் நல்லதா எண்டு பாக்க எதிர் எதிர்ப் பக்கத்தைக் கூட்டிப் பாருங்கோ, ஏழு வரோணும்.

பெயிண்ட் பக்கம் வந்தா கொஞ்சம் கவனம். தண்ணியில கரையிற அக்ரிலிக் மட்டும் எடுக்கிறம். மூடியைத் திறந்து மணந்து பாருங்கோ, அழுகின முட்டை மணம் வந்தா எறியுங்கோ, ரப்பர் மாதிரி இழுபட்டாலும் எறியுங்கோ. தின்னர், டர்பன்டைன் வேணுமெண்டு போட்டிருக்கிற எனாமல் டின்னெல்லாம் பெரிய ஆக்களுக்கு. ஸ்ப்ரே கேனை 50 பாகை செல்சியஸுக்கு மேல சூடாக விடக்கூடாது எண்டு கேனிலயே எழுதியிருக்கும், மத்தியான வெய்யிலில பூட்டின வானுக்குள்ள வச்சா என்ன ஆகும் எண்டு யோசியுங்கோ. சுப்பர் குளூ காத்தில இருக்கிற ஈரத்தாலதான் இறுகிறது, எங்கட ஊர் ஈரக்காத்துக்குத் திறந்த டியூப் கெதியாக் கல்லாப் போயிடும், அதால திறக்காததை மட்டும் எடுக்கிறம். பழைய காலத்து உலோகப் பொம்மையளில ஈயம் கலந்திருக்கும், பாரமா, சாம்பல் நிறமா, எந்தக் காலத்துச் சாமான் எண்டு தெரியாமல் வந்தா பிள்ளையளிட்டக் குடுக்காதேங்கோ, வடிவா இருந்தாலும் சரி.

4. கட்டுறது

பெட்டி மட்டை எங்கட மாரிக்குத் தாங்காது. ஒரு லீட்டர் ஐஸ்கிறீம் டப்பாவைக் கழுவிக் காயவச்சு அதுக்குள்ள காயளைப் போடுங்கோ. மூடியில ஒரு பேப்பரை ஒட்டி உள்ள என்ன எத்தனை இருக்கு எண்டு எழுதுங்கோ, மேல அகலமான செலோ டேப். சப்பாத்துப் பெட்டியில வாற சிலிக்கா ஜெல் பக்கெட்டைக் கடுதாசிப் பெட்டிக்குள்ள போடலாம், சின்னப் பிள்ளையள் இருக்கிற இடமெண்டா அதையும் போடாதேங்கோ.

பூச்சி அரிக்காமல் நப்தலீன் உருண்டை போட்டது நான் செய்த இன்னொரு கெட்டித்தனம். நப்தலீன் ஆவி சில பிளாஸ்ரிக்கை இளக்கும் எண்டு எனக்குத் தெரியாது. மூண்டு மாசம் கழிச்சு டப்பாவைத் திறந்தா நாலு குதிரையும் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு, தொட்டாப் பிசுபிசு எண்டு. சீலைக்குப் போடுறதை விளையாட்டுச் சாமானுக்குப் போடாதேங்கோ.

விளையாட்டு விதியை ஒரு பக்கத்தில தமிழில எழுதி வையுங்கோ. உள்ள இருக்கிற 16 பக்க இங்கிலிஷ் புத்தகத்தை ஆரும் வாசிக்கப் போறேல்ல, உண்மையைச் சொன்னா நானும் வாசிக்கிறேல்ல. சிங்களப் பிள்ளையளும் வாற இடமெண்டா தெரிஞ்ச ஆளைக்கொண்டு சிங்களத்திலயும் ஒரு பக்கம் எழுதுவியுங்கோ.

5. கொண்டுபோறது

ஒக்டோபர் கடைசியில இருந்து ஜனவரி வரைக்கும் வேண்டாம், மழை. பள்ளிக்கூட லீவு தொடங்கிற கிழமை நல்லம், சோதினை கிட்டின நேரம் போனா அம்மாமாரிட்ட ஏச்சுத்தான் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் முஸ்லிம் ஊர்ப்பக்கம் போகாதேங்கோ, ஜும்மா. 2009இல கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கம் பஸ்ஸிலயே கொண்டுபோகலாம், முந்தி பாதைப்படகுக்குக் காத்துக் கிடந்ததைப் பழைய ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ. டப்பாவெல்லாம் உரப்பையில போட்டு வாயைக் கட்டினா ரெண்டு பேர் தூக்கலாம். பெரிய கரம் போட் மட்டும் பஸ்ஸில கரைச்சல், உள்பக்கமே 74 சென்ரிமீற்றர், அதுக்கு ஓட்டோதான், பின் சீற்றில நிமித்தி வச்சு ஒராள் பிடிச்சுக்கொண்டு இருக்கோணும்.

6. குடுக்கிற நாள்

பொன்னாடை, பனர், வரிசையில நிப்பாட்டிப் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில போடுறது, தயவுசெய்து வேண்டாம். பிள்ளையளின்ர முகம் தெரியிற படத்தை அம்மா அப்பாட்டக் கேக்காமல் ஆர் போட்டாலும் பிழைதான். உங்களுக்குக் காசோ சாமானோ தந்த ஆக்களுக்குக் காட்டோணும் எண்டா போர்டையும் கையையும் மட்டும் எடுங்கோ, காணும்.

லிஸ்ற்றை ரெண்டு பிரதி எழுதி ஒண்டில திறப்புக்காரரிட்டக் கையெழுத்து வாங்குங்கோ. பிறகு இருந்து விளையாடுங்கோ, ஒரு மணித்தியாலமாவது. குடுத்திட்டு ஓடினா புது விளையாட்டு அப்பிடியே கிடக்கும், ஒராளுக்கு விளங்கினா அந்தாள் மிச்சப் பேருக்குச் சொல்லிக் குடுக்கும்.

ஒரு மாசம் கழிச்சுத் திரும்பப் போங்கோ. நாங்க போன முறை போகேக்குள்ள ஸ்க்ராபிள் டப்பாவின்ர மூடியில ஒட்டியிருந்த பேப்பரில 100 எண்டதை ஆரோ பென்சிலால வெட்டி 99 எண்டு எழுதி வச்சிருந்தவை, கீழ சின்னதா, "கே ஒண்டைக் காணேல்ல, தேடுறம்."