படுக்கையில் விழுந்த பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கவாதம் வந்து அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துபோனபோது, "பிசியோதெரபி விடாமல் செய்தால் மூணு மாசத்தில் எழுந்து உட்காருவாங்க" என்றார்கள். அந்த மூன்று மாதத்தை நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். கட்டிலையும் ஏர் பெட்டையும் வாடகைக்கு எடுத்தோம். நான் வேலை பார்த்த பள்ளியில் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அம்மா ஆறு வருஷம் படுக்கையில் இருந்தார். முதல் ஒன்றரை வருஷம் கொடுத்த வாடகையில் அதே மாதிரி ஒரு புதுக் கட்டில் வாங்கியிருக்கலாம். விடுப்பு ராஜினாமாவில் போய் முடிந்தது.

நாங்கள் செய்த முதல் தவறு அதுதான். ஆஸ்பத்திரிச் செலவைப் போலவே வீட்டுப் பராமரிப்பையும் நினைத்துவிட்டோம். ஆஸ்பத்திரிச் செலவு ஒரே அடியாக வரும், ஒருநாள் முடிந்தும் போகும். கைமாற்று கிடைக்கும், சொந்தக்காரர்களும் ஓடி வருவார்கள். வீட்டுச் செலவு சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு நாலு டயப்பர், ஒன்று 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே மாதம் 4,800 ரூபாய். மாத்திரை, கையுறை, கஞ்சிக்கான மாவு, ஏர் பெட் ஓடும் கரண்ட் எல்லாம் தனி. ஆள் போட்டால் அந்தச் சம்பளம் இதையெல்லாம் விழுங்கிவிடும். அதனால் முதல் வாரமே உட்கார்ந்து, ஐந்து வருஷத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுவிடுங்கள். அம்மாவோ அப்பாவோ சீக்கிரம் எழுந்து நடந்துவிட்டால் அதைவிட சந்தோஷம் எது?

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். 70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று 2024-ல் விரிவாக்கினார்கள். நல்ல விஷயம், கார்டு எடுத்து வையுங்கள். ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கு. வீட்டுக்கு வரும் ஆளின் சம்பளமோ டயப்பரோ அதில் வராது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. இது எங்களுக்குத் தெரிய வந்ததே கடைசி வருஷத்தில்தான். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றைக்கே போய்ப் பெயர் கொடுங்கள்.

அப்புறம், கையெழுத்து. அப்பா விட்டுப்போன பணம் அம்மா பெயரில் மட்டும் டெபாசிட்டாக இருந்தது. வலது கை விழுந்ததோடு கையெழுத்தும் போயிற்று. அதை எடுக்க இரண்டு மாதம் அலைந்தேன். கையெழுத்துப் போட முடியாத நோயாளி பெருவிரல் ரேகை வைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகைகூட வைக்கலாம், இரண்டு சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வழிமுறையே இருக்கிறது. அது தெரியாமல்தான் அந்த அலைச்சல். நினைவு தப்பிய பெரியவர் என்றால் இன்னும் சிக்கல். தன் சார்பில் கையெழுத்துப் போடச் சொல்லி முன்பு எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் அவருக்குச் சுயநினைவு இல்லாமல் போன பிறகு சட்டப்படி செல்லாது. 2024-ல் கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்க, ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் பாதுகாவலராக நியமனம் பெற முடிந்தது. பெரியவர் தெளிவாக இருக்கும்போதே ஜாயின்ட் அக்கவுண்ட், நாமினி, உயில் மூன்றையும் முடித்துவிடுங்கள்.

வீட்டை ஒரு பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிள்ளை கைவிட்டால் 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். இதைப் பேச நமக்குக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் பேசுங்கள்.

ஏர் பெட் போட்டாயிற்று, இனி படுக்கைப் புண் வராது என்று நினைப்பதும் தவறு. ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். ராத்திரி எழுந்திருக்க முடியவில்லை. அம்மாவின் இடுப்புக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்து, தொட்டால் கொதித்தது. அது ஆற நாலு மாதம் ஆனது. தினமும் டிரெஸ்ஸிங், வீட்டுக்கு வரும் நர்ஸ் என்று செலவானதைவிட, மருந்து வைக்கும்போது அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்ததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதிலிருந்துதான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கும் தவறுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. அண்ணன் அனுப்பியது, தம்பி கொடுத்தது, மருந்துக் கடை பில் எல்லாம் பைசா சுத்தமாக எழுதியிருக்கும். நான் முழித்த ராத்திரிகள் அதில் எங்குமே இல்லை. போன சம்பளம், நின்றுபோன பி.எஃப்., எட்டிப் பார்க்காத கல்யாண வீடுகள், எதற்கும் அதில் ஒரு வரி இல்லை. எழுதாததால் என் அண்ணனுக்கும் தம்பிக்கும் தெரியவில்லை. தெரியாததால் கேட்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நானும் "பரவாயில்லை, பார்த்துக்கறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே சேர்ந்த கோபம் ஒருநாள் அம்மாமேல் திரும்பியது. சாப்பாட்டைத் துப்பினார் என்று கத்திவிட்டேன். அவர் இடது கையால் என் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

உங்கள் வீட்டில் பார்த்துக்கொள்பவர் மகளோ மருமகளோ, வேலையை விட்டுவிட்டு வந்த மகனோ, யாராக இருந்தாலும் மற்றவர்கள் மாதம் ஒரு தொகையை அவர் பெயரில் போடுங்கள். "அம்மாவைப் பார்க்கக் கூலியா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். அவருக்கும் வயதாகும், அவருக்கும் மருந்து வாங்க வேண்டிவரும். வாரத்தில் ஒரு முழு நாள், வருஷத்தில் பத்து நாளாவது அவருக்கு ஓய்வு கொடுங்கள். முதியோர் பராமரிப்பு இல்லங்கள் சிலவற்றில் குறுகிய காலத்துக்கும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஊர் பேசும் என்று அந்த வழியை அடைத்துவிடாதீர்கள். என்ன செய்வதென்றே தெரியாதபோது 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

நாலாவது வருஷம் மே மாதம் நான் வாய்விட்டுக் கேட்டேன். அண்ணன் லீவு போட்டு வந்து பத்து நாள் தங்கினான். நான் சித்தி வீட்டுக்குப் போய்த் தூங்கினேன், வெறும் தூக்கம்தான். திரும்பி வந்து நோட்டைப் புரட்டினால், மருந்துக் கடை பில்லுக்குக் கீழே அண்ணன் கையெழுத்து: "ராத்திரி 12, 2, 4, 6. புரட்டியாச்சு." பத்து நாளும் அப்படியே எழுதியிருந்தான். அந்த மாதத்திலிருந்து என் பெயரில் பணம் போட ஆரம்பித்தான்.